டெமியன் மையா 24 முறை முயன்றும் வுட்லியை ஏன் ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை?

உங்கள் கேள்வியில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. குத்து, உதை, பிடி எல்லாம் அனுமதிக்கும் எம்எம்ஏ கலப்புச் சண்டையின் தலைசிறந்த ஜியு-ஜிட்சுக்காரர் (எதிராளியைத் தரையில் பூட்டியோ நெரித்தோ வெல்லும் கலை ஜியு-ஜிட்சு) என்று எல்லோரும் சொல்லும் டெமியன் மையா, 2017 பட்டச் சண்டையில் டைரன் வுட்லியைத் தரையில் வீழ்த்த 24 முறை முயன்று 24 முறையும் முடியாமல் போனார், அப்படியானால் அந்தப் புகழ் சும்மா ஊதிப் பெருக்கியதா என்பது முதலாவது. எட்டு மாதமாக ஜியு-ஜிட்சு மட்டும் பழகும் நீங்கள் அதை வைத்துக்கொண்டே எம்எம்ஏ சண்டைக் கூண்டுக்குள் போகலாமா என்பது இரண்டாவது. முதலாவதற்குச் சரியான பதில் கிடைத்தால் இரண்டாவதற்குப் பாதி பதில் வந்துவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பதிவேட்டிலும் சண்டைக் காணொளியிலும் இருப்பதை உறுதியாகச் சொல்கிறேன். என் கணிப்பாக வரும் இடங்களை அங்கங்கே கணிப்பு என்றே குறிப்பிடுகிறேன்.

மையா 1977இல் சாவ் பாவ்லோவில் பிறந்தவர். சின்ன வயதில் ஜூடோ. ஜியு-ஜிட்சுவுக்கு வந்தது 19 வயதில்தான், அந்தத் துறைக்கு அது தாமதம். ஆனாலும் ஐந்து ஆண்டுக்குள் ஃபாபியோ குர்ஜெலிடம் கறுப்புப் பட்டை வாங்கிவிட்டார். சாதாரணமாகப் பத்து வருடம் பிடிக்கும் விஷயம் அது. 2007இல் 88 கிலோவுக்குக் கீழான பிரிவில் ஏடிசிசி பட்டம் வென்றார். அங்கியைப் பிடித்து இழுக்க வழியில்லாத, உலகின் மிகக் கடினமான பிடிச்சண்டைப் போட்டி அது. அதே ஆண்டு அக்டோபரில் எம்எம்ஏவின் மிகப் பெரிய அமைப்பான யூஎஃப்சிக்குள் நுழைந்தார். 2021 ஜூனில் கடைசிச் சண்டை. மொத்தக் கணக்கு 28 வெற்றி, 11 தோல்வி. யூஎஃப்சியில் மட்டும் 22 வெற்றி. அதில் 11 சப்மிஷன் (எதிராளி கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது), அந்தப் பதினொன்றில் எட்டு ஒரே பிடி: பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றும் ரியர் நேக்கட் சோக்.

இப்போது தோல்விகளைப் பாருங்கள், ஏனென்றால் உங்கள் சந்தேகமே அங்கேதான். நேட் மார்குவார்ட், ஆண்டர்சன் சில்வா, மார்க் முன்யோஸ், கிறிஸ் வைட்மன், ஜேக் ஷீல்ட்ஸ், ரோரி மெக்டொனால்ட், வுட்லி, கோல்பி கவிங்டன், கமாரு உஸ்மான், கில்பர்ட் பர்ன்ஸ், பெலால் முகமது. இந்தப் பதினொரு பேரில் சில்வா, வைட்மன், வுட்லி, உஸ்மான், முகமது ஐவரும் தங்கள் காலத்தில் யூஎஃப்சி சாம்பியன்களாக இருந்தவர்கள். கவிங்டன் இடைக்காலப் பட்டம் வைத்திருந்தார். பதினொரு தோல்வியில் ஒன்பது நடுவர் தீர்ப்பில் வந்தவை, இரண்டு நாக்அவுட். ஒருவரும் அவரைத் தட்ட வைக்கவில்லை. ஆக, அவரைத் தோற்கடிக்க வழி இருந்தது, அந்த வழியில் போகத் தெரிந்தவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். அது என்ன வழி என்பதுதான் பேச வேண்டிய விஷயம்.

யூஎஃப்சியில் முதல் ஐந்து சண்டையும் சப்மிஷன். ஐந்தாவது 2009 பிப்ரவரியில் லண்டனில், சேல் சோனனுக்கு எதிராக. மல்யுத்தத்திலிருந்து வந்த சோனனையே பக்கவாட்டில் சாய்த்து எறிந்து, மேலே ஏறி உட்கார்ந்து, கால் முக்கோணத்தில் கழுத்தை மாட்டிவிட்டார். அதற்கடுத்து மார்குவார்ட் 21 நொடியில் நாக்அவுட் செய்தார். 2010 ஏப்ரலில் அபுதாபியில் சில்வாவோடு பட்டச் சண்டை. விட்டோர் பெல்ஃபோர்ட் காயமடைந்ததால் மாற்றாளாக வந்தவர் மையா. அந்த ஐந்து சுற்றையும் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது சில்வாவின் கேலியாட்டம். பாடம் வேறு இடத்தில் இருந்தது: மையா தரைக்குப் போனால் சில்வா பின்தொடரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஏழு வருடம் கழித்து வுட்லி செய்ததும் ஏறக்குறைய அதையேதான்.

2010, 2011இல் மையா நின்று குத்துவதில் அதிக நேரம் செலவிட்டார். இது காணொளியில் தெரிவது. ஏன் அப்படிச் செய்தார் என்பதில் என் கணிப்பு இது: 84 கிலோ மிடில்வெயிட்டில் அவர் உயரத்துக்கும் உடல்வாகுக்கும் எதிராளிகள் பெரிதாகவே இருந்தார்கள். முன்யோஸ், வைட்மன் போன்ற மல்யுத்தக்காரர்களை இழுத்துத் தள்ள முடியாதபோது குத்துவதில் பதில் தேடியிருக்கலாம். வைட்மனிடம் தோற்ற பிறகு 2012இல் 77 கிலோ வெல்டர்வெயிட்டுக்கு இறங்கினார். அங்கே தொடங்குவதுதான் நாம் இன்று பேசும் மையா.

அவருடைய பலம் கழுத்தை நெரிப்பதில் இருக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நெரிப்பு கடைசிப் படி. நின்றுகொண்டிருக்கும் ஒருவனின் முதுகுக்குப் போய்ச் சேரும் பாதைதான் அவருடைய தனிச்சொத்து. அந்தப் பாதை சிங்கிள் லெக்கில், அதாவது எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் முயற்சியில் தொடங்கும். மையா இடக்கை நிலைக்காரர், வலது கால் முன்னால் இருக்கும். பெரும்பாலான எதிராளிகளுக்கு இடது கால் முன்னால். இருவரின் முன்கால்களும் எதிரெதிரே பக்கத்தில் நிற்பதால் அந்தக் காலை எட்டிப் பிடிக்கும் தூரம் குறைவு. இடது கையால் ஒரு குத்து, அல்லது குத்துவதுபோல் ஒரு பாவனை. எதிராளியின் கைகள் மேலே போன நொடியில் இவர் முழங்காலை மடக்கித் தாழ்வார். தலை எதிராளியின் விலாப் பக்கம் ஒட்டியிருக்கும், இரண்டு கையும் அவன் முழங்காலுக்குப் பின்னால் கோத்துக்கொள்ளும்.

இதுவரை எந்த மல்யுத்தக்காரரும் செய்வதுதான். எதிராளி ஸ்ப்ரால் செய்வான், அதாவது இடுப்பைப் பின்னால் எறிந்து முழு எடையையும் இவர் முதுகில் போடுவான். மல்யுத்தக்காரர் அந்த எடைக்கு எதிராக முட்டி மோதி எழுந்து முடிக்கப் பார்ப்பார். மையா மோத மாட்டார். பிடித்த காலை விடாமல் அப்படியே பிட்டத்தில் உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் இரு கால்களுக்கு நடுவே சிறைவைத்து ஹாஃப் கார்டுக்குப் போய்விடுவார். இப்போது எதிராளி மேலே இருக்கிறான், பார்க்க ஜெயிப்பதுபோலக்கூட இருக்கும். ஆனால் ஒரு கால் மாட்டியிருக்கிறது. அவன் முன்னால் சாய்ந்து எடை போட்டால் மையா அவன் இடுப்புக்கு அடியில் நுழைந்து கவிழ்ப்பார். பின்னால் சாய்ந்து காலை உருவப் பார்த்தால் அக்குளுக்கு அடியில் கை கொடுத்து முழங்காலில் எழுந்து மறுபடி சிங்கிள் லெக் பிடிப்பார். திரும்பி ஓடப் பார்த்தால் முதுகு கிடைக்கும். ஒரு வாசலை அடைத்தால் இன்னொன்று திறக்கும். இந்தச் சங்கிலியைத்தான் அவர் பத்து வருடமாகத் திரும்பத் திரும்ப ஓட்டினார், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தும்.

முதுகுக்குப் போனதும் வேலை இரண்டு. மேல்பாதியில் சீட் பெல்ட் பிடி: ஒரு கை தோளுக்கு மேலாக, இன்னொரு கை அக்குளுக்குக் கீழாக, இரண்டும் எதிராளியின் மார்பில் கோத்துக்கொள்ளும். கீழ்ப்பாதியில் முதலில் ஒரு பாதத்தைத் தொடையில் கொக்கியாக மாட்டி, இன்னொன்றையும் மாட்டி, இடம் கிடைத்ததும் இடுப்பைச் சுற்றித் தன் கால்களைப் பூட்டும் உடல் முக்கோணம். பக்கவாட்டில் விழும்போது தோளுக்கு மேல் போன கை தரைப் பக்கம் இருக்குமாறு விழ வேண்டும். மறுபக்கம் விழுந்தால் எதிராளி தோளைத் தரையில் பதித்துத் திரும்பிவிடுவான். புதியவர்கள் முதுகை இழப்பதற்குப் பாதிக் காரணம் இந்தப் பக்கக் குழப்பம். மீதிக் காரணம் அவசரம்: கொக்கி சரியாக விழுமுன் கழுத்துக்குக் கை போடுவது. மையா அந்த அவசரம் காட்டியதே இல்லை. 2013 பிப்ரவரியில் ஜான் ஃபிட்சுடன் நடந்த சண்டையைப் பாருங்கள். எதிராளியை மூன்று சுற்றும் அமுக்கிவைத்தே பேர் வாங்கிய ஃபிட்சை, மையா அதே மூன்று சுற்றும் முதுகிலிருந்து அமுக்கிவைத்தார். நெரித்து முடிக்கவில்லை, ஆனால் தீர்ப்பில் சந்தேகத்துக்கே இடமில்லை.

நெரிப்பைப் பற்றியும் இரண்டு வரி. முழங்கையின் மடிப்பு தாடைக்கு நேர் கீழே இருக்க வேண்டும். அப்போது புயத்தசை ஒரு பக்கத்து கழுத்துத் தமனியையும் முன்கை மறுபக்கத்துத் தமனியையும் அழுத்தும். மூச்சுக்குழாயில் அழுத்தினால் வலிக்கும், ஆனால் மயக்கம் வர நேரமாகும். இரு தமனியும் சரியாக அடைபட்டால் பத்து நொடி அளவிலேயே நினைவு தப்பிவிடும். எம்எம்ஏவில் வியர்வை வழுக்கும். கையுறையின் தடிமனால் கை தாடைக்குக் கீழ் நுழையாது, தலைக்குப் பின்னாலும் எளிதில் ஒளியாது. அதனால்தான் முதுகில் இருப்பவர் முதலில் பக்கவாட்டில் குத்துகிறார், குத்தைத் தடுக்கக் கை நகரும்போது கழுத்து திறக்கும். தாடை குறுக்கே நின்றால் தாடையோடு சேர்த்தே இறுக்குவதும் உண்டு. 2012இல் ரியோவில் ரிக் ஸ்டோரிக்கு நடந்தது அது. மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்ட பிறகு அவர் தட்டினார். பார்க்கக் கொஞ்சம் கோரம்தான்.

2014 மே தொடங்கி 2017 மே வரை ஏழு தொடர் வெற்றிகள். நீல் மாக்னி, மாட் பிரவுன், கார்லோஸ் காண்டிட் மூவரும் அதே பிடியில் தட்டினார்கள். காண்டிட் முன்னாள் இடைக்கால சாம்பியன், அவருக்கு ஒரு நிமிடம் 52 நொடிதான் ஆனது. இவர்களைவிட 2015 டிசம்பரில் குன்னர் நெல்சனுடன் நடந்ததை நான் மேலாகச் சொல்வேன். நெல்சன் தானே கறுப்புப் பட்டைக்காரர், தரைச்சண்டையில் தேர்ந்தவர். அவர் மேல் மையா மூன்று சுற்றும் விரும்பிய இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரே கலையைக் கற்ற இருவருக்கு நடுவில் எவ்வளவு பள்ளம் இருக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

இனி வுட்லி. 2017 ஜூலை 29, அனாஹைம். ஜார்ஜ் மாஸ்விடாலுடன் மூன்று சுற்று சண்டையிட்ட பதினோராவது வாரம், 39 வயதில் இந்தப் பட்டச் சண்டை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. புது உடம்போடு வந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வுட்லி செய்தது மூன்று விஷயங்கள். ஒன்று, தூரம். கையெட்டும் எல்லைக்கு வெளியிலேயே நின்றார், அதனால் மையா வெகுதூரத்திலிருந்து பாய வேண்டியிருந்தது, பாய்ச்சல் முன்கூட்டியே தெரிந்தது. இரண்டு, கால் மாட்டியதும் முதல் அசைவிலேயே இடுப்பைப் பின்னால் எடுத்து, மையாவின் கைக்கு மேலாகத் தன் கையைச் சுற்றிப் பூட்டி, மறுகையால் தலையைக் கீழே அழுத்தினார். தலை விலாவை விட்டு விலகினால் சிங்கிள் லெக்கில் உயிர் இருக்காது. மூன்றாவதுதான் முக்கியம்: மையா ஹாஃப் கார்டுக்கு உட்காரும் அந்த நொடியில் வுட்லி மேலே படுக்கவில்லை, காலை உருவிக்கொண்டு பின்வாங்கினார். மற்றவர்கள் அந்த இடத்தில் மேலே படுத்து இரண்டு குத்துவிட ஆசைப்பட்டுத்தான் மாட்டினார்கள். சங்கிலியின் இரண்டாம் கண்ணியே விழாதபோது மூன்றாவது, நான்காவதற்கு இடமேது?

ஜியு-ஜிட்சுப் போட்டிக்கும் எம்எம்ஏவுக்கும் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் இங்கே இருக்கிறது. போட்டியில் நீங்கள் தரையில் உட்கார்ந்தால் எதிராளி வந்தாக வேண்டும், ஒதுங்கியே நின்றால் தண்டனைப் புள்ளி. கூண்டில் அவனுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. அவன் நின்றுகொண்டே இருந்தால் நடுவர் உங்களைத்தான் எழுந்திருக்கச் சொல்வார். எழுந்ததும் மறுபடி முதலிலிருந்து. 25 நிமிடத்தில் 24 முயற்சி என்றால் நிமிடத்துக்கு ஒன்று. வீணாகும் ஒவ்வொரு பாய்ச்சலும் தடுப்பவனைவிடப் பாய்பவன் காலைத்தான் அதிகம் களைப்பாக்கும். சண்டை சலிப்பாக இருந்தது என்பதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அது மையாவின் ஜியு-ஜிட்சு தோற்ற சண்டை என்பதைவிட, ஜியு-ஜிட்சு தொடங்கவே விடப்படாத சண்டை என்பதுதான் சரி.

அடுத்த இரண்டு தோல்விகள் கவிங்டனிடமும் உஸ்மானிடமும். இருவரும் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் ஊறியவர்கள். உஸ்மான் சண்டைக்கும் மையா காயமடைந்த இன்னொருவருக்குப் பதிலாகத்தான் போனார், மனிதருக்கு இதே வழக்கம். அந்தப் பத்து மாதத்தில் அவர் எதிர்கொண்டது அப்போதைய சாம்பியனையும், அடுத்த இடைக்கால சாம்பியனையும், வுட்லியிடமிருந்தே பட்டத்தைப் பறிக்கப்போகிறவரையும். 40 வயதில் இப்படி ஒரு வரிசையை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு.

மல்யுத்தக்காரன் என்றாலே மையா முடிந்தார் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் எதிரே நின்ற பென் ஆஸ்க்ரன் 2008 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் செய்தவர். மையா மூன்றாம் சுற்றில் அவரைக் கவிழ்த்து முதுகைப் பிடித்துத் தட்டவைத்தார். வுட்லிக்கும் ஆஸ்க்ரனுக்கும் என்ன வித்தியாசம்? ஆஸ்க்ரனுக்கு ஜெயிக்கத் தெரிந்ததே ஒட்டிக்கொண்டு தரைக்குப் போவதுதான், விலகி நிற்கும் ஆட்டம் அவரிடம் இல்லை. எனவே மல்யுத்தம் இருந்தால் மட்டும் போதாது, தரைக்கு வரமாட்டேன் என்ற பிடிவாதமும் வேண்டும். இது என் கணிப்புதான், ஆனால் அந்த இரண்டு சண்டையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் நீங்களும் இதற்கே வருவீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கடுத்து 2020 மார்ச்சில் பிரசிலியாவில் கில்பர்ட் பர்ன்ஸ் நாக்அவுட் செய்தது வேறு வகை. ஜியு-ஜிட்சுவில் உலகப் பட்டம் வென்றவர் பர்ன்ஸ். மையா முதுகுக்குப் போனதும் பதறாமல் கழன்று வந்தார், எழுந்ததும் இடது கையால் முடித்தார்.

அப்படியானால் எம்எம்ஏவில் ஜியு-ஜிட்சு செத்துவிட்டதா? 1993இல் முதல் யூஎஃப்சியில் ராய்ஸ் கிரேசி ஜெயித்தபோது எதிரே நின்றவர்களுக்குத் தரையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. இன்று எல்லோருக்கும் தற்காப்பு தெரியும், அதனால் அது மட்டுமே ஆயுதமாக இருக்க முடியாது. யூஎஃப்சியில் சப்மிஷன் எண்ணிக்கையில் முன்னணியில் இருக்கும் சார்லஸ் ஒலிவேராவைப் பாருங்கள். அவர் 2021இல் லைட்வெயிட் பட்டம் வென்றது மைக்கேல் சாண்ட்லரைக் குத்தி வீழ்த்தி. நின்றால் அடி விழும், தரைக்குப் போனால் கழுத்து போகும் என்று இரண்டு பயமும் எதிராளிக்கு இருக்க வேண்டும். மையாவிடம் முதல் பயம் குறைவு. வுட்லி அவ்வளவு நிதானமாகத் தூரம் காத்ததற்கு அதுவே காரணம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதத்தில் கூண்டு வேண்டாம், ஆனால் பயிற்சியை மாற்ற இதுவே சரியான நேரம். வாரத்தில் நாலு நாள் போகிறீர்கள் என்றால் அதில் இரண்டு நாள் அங்கி இல்லாமல், நின்ற நிலையிலிருந்து தொடங்குங்கள். மண்டியிட்டுத் தொடங்கும் பழக்கம் எம்எம்ஏவுக்குப் பாதகம். இரண்டு நிமிடச் சுற்றுகளாக ஒரு பயிற்சி: நீங்கள் சிங்கிள் லெக்கைப் பிடித்த நிலையில் ஆரம்பம், கூட்டாளி ஸ்ப்ரால் செய்வார், நீங்கள் வீழ்த்தவோ ஹாஃப் கார்டில் காலை மாட்டவோ வேண்டும். மாட்டிய காலை அவர் உருவிவிட்டால் மறுபடி தொடக்கம். பிறகு இடம் மாற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் தடுப்பவராக இருந்து பழகினால்தான் எந்த நொடியில் கால் நழுவுகிறது என்பது புரியும். சீட் பெல்ட் பிடியிலிருந்து தொடங்கும் மூன்று நிமிடச் சுற்றும் தனியாக வேண்டும். ஹாஃப் கார்ட் பழகும்போது கூட்டாளி திறந்த கையால் முகத்தில் லேசாகத் தட்டட்டும். அங்கியோடு வசதியாகப் படுத்துக்கிடந்த பல நிலைகள் அந்த முதல் தட்டிலேயே பயனற்றுப்போகும். குத்துச்சண்டைக்கு வாரம் ஒரு நாளாவது ஒதுக்குங்கள். கழுத்து நெரிப்பில் சீக்கிரம் தட்டிவிடுங்கள். யாராவது மயங்கினால் உடனே பிடியை விட்டு மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது.

பார்க்க வேண்டிய வரிசை என்று கேட்டால் ஃபிட்ச், நெல்சன், மாஸ்விடால், வுட்லி, ஆஸ்க்ரன். மாஸ்விடால் சண்டை நடுவர்கள் ஒருமனதாக இல்லாத பிளவுத் தீர்ப்பு, மையா நீண்ட நேரம் முதுகில் இருந்தும் நெரிக்க முடியாமல் போனது ஏன் என்று மாஸ்விடாலின் கைகளைப் பார்த்தால் தெரியும். கழுத்துக்கு வரும் கையின் மணிக்கட்டை அவர் விடவே மாட்டார். வுட்லி சண்டைக்கு முதல் சுற்று போதும், மையாவை விட்டுவிட்டு ஒவ்வொரு பாய்ச்சலிலும் வுட்லியின் இடுப்பு எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள்.